முள்ளுக்கு வைத்த பொட்டு

இதை எழுத வேண்டும் என்று பேனாவை எடுத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அப்படியே மூடி வைத்த தடவைகள் எத்தனையோ. வருடங்கள் இப்படியே போய்விட்டன. வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. நான் ஓய்வு பெற்றுவிட்டேன், இனிப் போவதற்கு வேலை இல்லை. பயமெல்லாம் அம்மனை நினைத்துத்தான். இந்தக் கதையில் ஒரு பூசை வருகிறது, ஒரு பொட்டு வருகிறது. அரைகுறையாகக் கேட்கிறவர்கள், "பூசை போட்டதால்தான் எல்லாம் கெட்டது" என்று ஊர் ஊராகச் சொல்லிவிட்டால் அந்தப் பாவத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன்? அதனால்தான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

போன மாதம் தொழிற்சாலைப் பிள்ளைகள் சிலர் வட்டகொடையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் போன். அதில் ஏதோ ஒரு நாட்டு விமானக் கம்பெனியின் செய்தி. தலைமை நாற்காலியில் இன்ஜினியரை உட்கார வைப்பதா, கணக்கும் நிர்வாகமும் படித்தவரை உட்கார வைப்பதா என்று அங்கே பெரிய சண்டையாம்.

"மாமா, இந்தச் சண்ட நம்ம பெக்டரியிலயும் நடந்துச்சாமே, நெசமா?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"அத ஏன் இப்பக் கேக்குற?"

"புதுசா வந்த மேனேஜர் கள்ளன எடுத்துரச் சொல்றாருங்க மாமா."

கள்ளன் என்பது ஆள் இல்லை, அதைப் பின்னால் சொல்கிறேன். அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். படிப்பு கொஞ்சம்தான். தேவாரம் தெரியும், கூட்டல் கழித்தல் தெரியும். இளவயதில் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு தோட்டம் நொடித்து, தொழிற்சாலையைப் பூட்டினார்கள். கொஞ்ச காலம் அங்கே புறாக்கள்தான் இருந்தன. அப்புறம் கொழும்பிலிருந்து ஒரு கம்பெனி வந்து அந்தக் கட்டடத்தை வாங்கியது. தேயிலை செய்யப் போவதில்லை, விமானத்துக்குச் சாமான் செய்யப் போகிறோம் என்றார்கள். ஊரே சிரித்தது. விமானத்தின் பயணிகள் சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு உயிர்காப்பு ஜாக்கெட் இருக்குமே, அதுதான் அந்தச் சாமான். விமானம் கடலில் இறங்கினால் போட்டுக்கொண்டு மிதக்க வேண்டியது. வெளிநாட்டு விமான ஆலைகள் அதை எங்களிடம் வாங்கித் தங்கள் விமானத்தில் வைக்கும்.

யோசித்துப் பாருங்கள். மலை உச்சியில் ஒரு தொழிற்சாலை. கடலைப் பார்த்தவர்கள் எங்களில் சிலபேர்தான். விமானத்தில் ஏறியவர் ஒருவரும் இல்லை. நீந்தத் தெரிந்தவரும் இல்லை. கடலில் விழுகிற உலகத்தாரைக் காப்பாற்றுகிற பொறுப்பை ஆண்டவன் கொண்டுவந்து எங்கள் கையில் கொடுத்தான். அவனுடைய விளையாட்டுக்கு அளவே இல்லை.

எங்களுக்கு இன்ஜினியராக வந்தவர் ஸ்டெல்லா மிஸ். நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்; கம்பஸில், பல்கலைக்கழகத்தில், படித்தவர். பேச்சு குறைவு. கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினால் நாங்கள் எல்லோரும் அவரவர் வேலையை இன்னொரு தடவை பார்ப்போம்.

ஜாக்கெட் என்பது இரண்டு துணியைப் பசை வைத்து ஒட்டியதுதான். இங்கே மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே நடந்து வரும். பனி பட்டால் பசை காயாது. மிஸ் வந்து பார்த்துவிட்டு, தேயிலைக் காலத்துப் பெரிய காற்றாடிகளையும் பழைய அடுப்பையும் மறுபடி ஓடவைத்தார். மேல்மாடியில் கொழுந்து வாடிய இடத்தில் ஜாக்கெட் காய்ந்தது. அந்தச் சூட்டையும் காற்றையும் பார்த்துக்கொண்ட நான், பிறகு பரிசோதனை அறைக்கு மேற்பார்வையாளன் ஆனேன்.

பரிசோதனை இப்படி. காலையில் ஜாக்கெட்டுகளில் காற்றை நிரப்பி வரிசையாகத் தொங்கவிடுவோம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொன்றாக இறக்கி, காற்றழுத்தம் காட்டும் மானியின் குழாயில் மாட்டுவோம். அதில் ஒரு முள் உண்டு. முள் பச்சைக் கோட்டில் நின்றால் ஜாக்கெட் பாஸ். கீழே இறங்கினால் எங்கோ காற்றுப் போகிறது என்று அர்த்தம். அதை 'விழுந்துருச்சு' என்போம். பாஸான ஜாக்கெட்டுக்கு நான் முத்திரை குத்துவேன். முத்திரை இல்லாமல் ஒரு பெட்டியும் லொறியில் ஏறாது.

ஆனால் முதல் ஜாக்கெட்டை மாட்டுவதற்கு முன்னால் மிஸ் ஒன்று செய்வார். கை நுழைகிற அளவு ஓட்டை போட்ட ஒரு ஜாக்கெட்டை வைத்திருந்தார். அதற்குப் பெயர் கள்ளன். முதலில் கள்ளனை மாட்ட வேண்டும். முள் விழ வேண்டும். விழுந்தால்தான் அன்றைய பரிசோதனை தொடங்கும்.

"என்னத்துக்கு மிஸ், ஓட்டன்னு தெரிஞ்சத தெனமும் மாட்டுறீங்க?" என்று பரிசோதனை செய்யும் புஷ்பம் ஒருநாள் கேட்டாள்.

"ஜாக்கெட்ட சோதிக்கல புஷ்பம், முள்ளத்தான் சோதிக்கிறேன். கள்ளனப் புடிக்கத் தெரியாத பொலிசு, நல்லவன நல்லவன்னு சொன்னா நம்புவியா?"

புஷ்பத்தின் வீட்டுக்காரர் தலவாக்கலையில் ஒரு தடவை செய்யாத குற்றத்துக்குப் பொலிசில் இருந்துவிட்டு வந்தவர். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புதிய பொது மேலாளர், ஜீ.எம்., வந்தார். அவர் பெயரை எழுத மாட்டேன். கொழும்புத் தமிழர், நிர்வாகப் படிப்பு வெளிநாட்டில். நல்ல மனிதர், யாரையும் வாடா போடா என்றதில்லை. ஒருவரை வேலையை விட்டு நிறுத்தினால்கூடக் கட்டிப்பிடித்துத்தான் நிறுத்துவார்.

அவர் முதலில் செய்தது, மிஸ்ஸைக் கொழும்புக்கு மாற்றியது. இன்ஜினியர்கள் எல்லோரும் தலைமை அலுவலகத்தில் நிர்வாகத்துக்குப் பக்கத்தில் இருந்தால்தான் தொலைநோக்கு வருமாம். மிஸ் கடற்கரை தெரிகிற ஒரு அறையில் உட்கார்ந்து, எங்கள் தொழிற்சாலையைக் கம்பியூட்டரில் பார்த்தார். இரண்டாவது, காற்றாடிகளுக்கு ஓய்வு. மலைநாட்டில் இயற்கையாகவே இவ்வளவு காற்று இருக்கும்போது கரண்டுக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்று ஜன்னல்களைத் திறந்துவிட்டார். பனி வந்து பசையோடு குடித்தனம் நடத்தியது.

மூன்றாவது, பெரட்டு. தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பதைப் பெரட்டு என்போம். எங்கள் பண்பாட்டை மதிக்கிறேன் என்று சொல்லி ஜீ.எம். அதைக் கொண்டுவந்தார். தினமும் காலையில் முற்றத்தில் நின்று, கையை உயர்த்தி, "விழாது! விழாது! ஒன்றும் விழாது!" என்று கத்த வேண்டும். பக்கத்து மலையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்களைப் பார்ப்பார்கள். ஒரு நாள் மேலேயிருந்து ஒரு குரல்:

"என்னாங்கடி விழாது? பல்லா?"

நான்காவதாகக் கள்ளனுக்கு வந்தார்.

"மிஸ்டர் சுப்பையா, சோதனையத் தொடங்குறப்பவே முதல் வேலையா தோல்வியப் பாக்குறீங்க. மனசு என்னாகும்?"

"அது பழகிப்போச்சுங்க சேர்."

"அதுதான் பிரச்சின. தோல்விக்குப் பழகக் கூடாது."

கள்ளனுக்குப் பிரியாவிடை வைத்தார். கேக் வெட்டினோம். கள்ளனின் நீண்ட கால சேவையைப் பாராட்டி ஜீ.எம். பேசினார். பிறகு கேட் வாட்சர் அதை மடித்து நாற்காலியில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அந்த வருடம் ஆயுத பூசை வந்தது. எங்கள் தொழிற்சாலையில் பூசை எப்போதும் உண்டு. மாரிமுத்துப் பூசாரி கோயிலிலிருந்து வந்து இயந்திரங்களுக்குத் திருநீறு பூசி, தேங்காய் உடைத்துவிட்டுப் போவார். அந்தத் தடவை ஜீ.எம். வேட்டி கட்டி வந்தார். அலங்காரத்துக்காக ஒரு ஜாக்கெட்டில் காற்றடித்து, மானியின் குழாயில் மாட்டி, செவ்வந்தி மாலை போட்டு வைத்திருந்தோம். பார்க்க அம்சமாக இருந்தது. முள்ளும் பச்சைக் கோட்டில் நின்றது.

மானியின் கண்ணாடி உடைந்து பல மாதம். புதுக் கண்ணாடி கேட்டு மிஸ் போகுமுன் எழுதியிருந்தார். கண்ணாடி இல்லாமலே முள் தெரிகிறதுதானே என்று தலைமை அலுவலகம் திருப்பிக் கேட்டிருந்தது. ஆக முள் திறந்தபடி நின்றது.

பூசாரி பூசையை முடித்து, தட்சணையை வாங்கி, அடுத்த வீட்டுப் பூசைக்குக் கிளம்பிவிட்டார். அதன் பிறகுதான் ஜீ.எம்முக்குப் பக்தி வந்தது. கொழும்பிலிருந்து தான் கொண்டுவந்த சந்தனக் குப்பியைத் திறந்தார். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தன் கையாலே பொட்டு வைத்தார். அவருக்குப் பெருவிரல் பெரிது. மானிக்கு வந்ததும், நட்ட நடுவில், முள் குத்தி நிற்கிற அந்த இடத்தில், அப்பினார். எல்லோரும் கைதட்டினோம்.

மறுநாளிலிருந்து ஒரு ஜாக்கெட்டும் விழவில்லை.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாள் போகப் போகப் புஷ்பத்தின் முகம் மாறியது.

"அண்ணே, ஜாக்கெட்டக் கழட்டுன பொறகும் முள்ளு அப்புடியே நிக்கிதுண்ணே."

நான் போய்ப் பார்த்தேன். நின்றது. பொட்டும் கல் மாதிரி காய்ந்து நின்றது. நேரே ஜீ.எம்மிடம் போனேன்.

"சேர், முள்ளு எறங்கவே மாட்டேங்குதுங்க."

"எறங்கக் கூடாதுன்னுதானே நாம எல்லாரும் வேல செய்யிறோம்?"

அந்தப் பதிலில் பிழை எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டேன். அன்று மாலை வாசலில் பெரிய பதாகை ஏறியது: 'குறையே இல்லாத தொழிற்சாலை'. அதோடு ஒரு சுற்றறிக்கையும் வந்தது. இனிமேல் கம்பெனியின் எல்லா அளவுமானிகளுக்கும் வாரந்தோறும் பொட்டு வைக்க வேண்டும்; அதைப் பார்த்துக்கொள்ள என்னைப் 'பாரம்பரிய இணைப்பாளர்' என்று நியமித்திருக்கிறது. வீட்டில் சொன்னேன். என் மனைவி, "அதுக்குத் தனியா சம்பளமா?" என்று கேட்டாள். இல்லை என்றதும் அவளுக்கு அந்தப் பதவியில் ஆர்வம் போய்விட்டது.

அந்த நாட்களில் என் மூத்த மகள் கலா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்திலேயே விமானத்தில் ஏறப் போகிற முதல் ஆள். ஒரு நாள் பையை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, நீங்க செய்யிற ஜாக்கெட்டு என் சீட்டுக்கு அடியில இருக்குமாப்பா?"

"இருந்தாலும் இருக்கும்மா."

"அப்பன்னா பயமில்ல."

பிள்ளை சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கோ, கழற்றிய பிறகும் நிற்கிற அந்த முள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

அடுத்த நாள் மிஸ்ஸிடமிருந்து போன்.

"சுப்பையா அண்ணே, இங்க எல்லாம் பாஸ் பாஸ்னே வருது. ஒண்ணுகூட விழாத வேலைய நான் பாத்ததே இல்ல. கள்ளன் விழுறானா?"

"கள்ளன் இல்லைங்க மிஸ். கேக் வெட்டி அனுப்பியாச்சு."

மறுமுனையில் போனை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. அவர் கண்ணாடியைத் துடைக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த காலை ரயிலில் மிஸ் வந்து இறங்கினார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அன்றைக்கு லொறி வந்து வாசலில் நிற்கிறது. பூசைக்குப் பிறகு செய்த பெட்டிகள் எல்லாம் ஏற வேண்டும், கடைசி அடுக்குக்கு மட்டும் முத்திரை பாக்கி. மிஸ் நேரே கேட்டுக்குப் போய், வாட்சரை எழுப்பி, அவருக்கு அடியிலிருந்து கள்ளனை உருவினார். பரிசோதனை அறைக்குக் கொண்டுவந்து மானியில் மாட்டினார். ஜீ.எம்மும் ஓடி வந்துவிட்டார்.

முள் பச்சைக் கோட்டில் நின்றது. கள்ளன் பாஸ்.

மிஸ் அந்த ஓட்டைக்குள் கையை விட்டு மறுபக்கம் எடுத்து, ஜீ.எம்முக்கு விரலை ஆட்டிக் காட்டினார்.

"பாருங்க," என்றார் ஜீ.எம். "நல்ல சூழல் குடுத்தா கள்ளன்கூட திருந்துறான்."

மிஸ் கள்ளனைக் கழற்றி, வெறும் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். வெளியே பனி. முள் அசையவில்லை. பனியும் பாஸ்.

"சேர், இந்தப் பொட்டு முள்ளப் புடிச்சிருக்கு. இத எடுத்துட்டு எல்லாத்தையும் திரும்ப சோதிக்கணும். லொறி போகக் கூடாது."

"ஸ்டெல்லா, தோட்டத்து மக்களோட நம்பிக்கையில நிர்வாகம் கை வைக்காது. பொட்டு சுற்றறிக்கையில இருக்கு. லொறி போகும். மிஸ்டர் சுப்பையா, முத்திரையக் குத்துங்க."

மிஸ் என்னைப் பார்த்தார். "அண்ணே, நான் வேதக்காரி. உங்க சாமிப் பொட்ட நான் தொடக் கூடாது. நீங்கதான் சொல்லணும்."

அறையே என்னைப் பார்க்கிறது. என் ஒரு கையில் முத்திரை. அம்மன் பேரில் வைத்த பொட்டை அழிப்பதா? அழிக்காமல் விட்டுக் கலாவை ஏற்றி அனுப்புவதா? என் வாய் தானாகத் திறந்தது.

"சேர், ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. இதுல ஒண்ண மாட்டிக்கிட்டு நீங்க கீழ டேமுல எறங்குவீங்களா?"

"எனக்கு நீந்தத் தெரியாதே!"

"அதுக்குத்தானுங்க சேர் இத செய்யிறோம்."

புஷ்பம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் முத்திரையை மடியில் செருகிக்கொண்டு, "பூசாரிய கூட்டிட்டு வாறேன்" என்று கோயிலுக்கு ஓடினேன்.

மாரிமுத்துப் பூசாரி பாதி சவரத்தில் இருந்தார். அப்படியே இழுத்து வந்தேன். ஒரு கன்னம் வழித்தும் மற்றது நுரையோடுமாக வந்து, மானிக்கு முன்னால் குனிந்து, முகர்ந்து பார்த்தார். நகத்தால் தட்டினார். டக் டக் என்றது.

"யாரு வச்சது?"

"நான்தான்," என்றார் ஜீ.எம்.

"என்னா சாமான் இது?"

குப்பியைக் கொண்டுவந்து காட்டினார்கள். பூசாரி கொஞ்சத்தை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். விரல் ஒட்டிக்கொண்டது.

"இது சந்தனமே இல்லைங்க. பசையில வாசன போட்டிருக்கான். நான் பூச முடிச்சுப் போன பொறகு வச்சதுக்கும் அம்மாளுக்கும் சம்பந்தமில்ல. சந்தனமாவே இருந்தாலும் காஞ்சத எடுத்துத் தண்ணியில விடுறதுதான் நம்ம மொற. நாள் கணக்கா வச்சுக் கும்பிடுறதில்ல."

சொல்லிவிட்டு ஒரு சூடத்தைக் கொளுத்திக் காட்டினார். ஈரத்துணியை என்னிடம் கொடுத்தார். நான் அம்மனை நினைத்து, ஊறவைத்து ஊறவைத்து மெல்லத் துடைத்தேன். பொட்டு கரைந்தது. முள் ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி ஆடி, கீழே போய்ப் படுத்தது. மிஸ் கள்ளனை மாட்டிக் காற்றடித்தார். விழுந்தான். என் வாழ்க்கையில் ஒரு தோல்வியைப் பார்த்து நான் கையெடுத்துக் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

பெட்டிகளை எல்லாம் இறக்கினோம். மறுபடி காற்றடித்து, தொங்கவிட்டு, மாட்டினோம். நின்றவை ஒரு பக்கம், விழுந்தவை ஒரு பக்கம். விழுந்த பக்கம் வளர்ந்து கதவுவரை வந்தது. பனியில் ஒட்டிய பசை, வேறென்ன? சிலவற்றில் ஒட்டு வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்தது. ஜீ.எம். ஒரு பெட்டியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தானே எழுந்து போய், லொறியை வெறுமனே அனுப்பிவிட்டு வந்தார். அதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

மிஸ் பழையபடி மேல்மாடி அறைக்கு வந்தார். காற்றாடி ஓடியது, கண்ணாடி வந்தது, முத்திரை குத்துவது இன்ஜினியர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது என்று தலைமை அலுவலகம் எழுதித் தந்தது. ஜீ.எம்முக்குத் தண்டனை கிடைத்ததா என்று பிள்ளைகள் கேட்டார்கள். கிடைத்தது பரிசு. தன் குறையைத் தானே கண்டுபிடித்த நிர்வாகம் என்று கொழும்பில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். அன்றைக்கு யாரோ போனில் எடுத்த படத்தை மேடையில் காட்டினார்களாம்; பூசாரியின் நுரை முகமும் அதில் ஒரு மூலையில் வந்தது. இப்போது ஜீ.எம். வெளிநாட்டில், விமானமே செய்கிற ஒரு கம்பெனியில் பெரிய பதவியில் இருக்கிறார். தீபாவளிக்கு எனக்கு வாழ்த்து அனுப்புவார். நானும் அவருக்காகக் கும்பிடுகிறேன். அந்தக் கம்பெனி விமானத்தில் ஏறுகிறவர்களுக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கும்பிடுகிறேன்.

கலா போய்ச் சேர்ந்ததும் எனக்குப் போன் எடுத்தாள். முதல் பேச்சே இதுதான்.

"அப்பா, சீட்டுக்கு அடியில கைய விட்டு ஜாக்கெட்ட எடுத்துட்டேன். பிளேன்ல வேல செய்யிற பொண்ணு ஓடி வந்து ஏசுது. தண்ணியில எறங்குனாத்தான் எடுக்கணுமாம். எங்க அப்பா செஞ்சது, சும்மா பாக்குறேன்னேன். வேணாமுன்னு புடுங்கி வச்சுருச்சு."

"நம்ம முத்திர இருந்துச்சாம்மா?"

"இல்லப்பா. வேற யாரோ செஞ்சது."

நாங்கள் இவ்வளவு பாடுபட்டது யார் யாருடைய பிள்ளைக்கோ. என் பிள்ளையைச் சுமந்து போனது முகம் தெரியாத யாருடைய வேலையோ. அங்கேயும் ஒரு மிஸ் இருந்திருக்க வேண்டும், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஓட்டை ஜாக்கெட் ஒன்றை முதலில் மாட்டுகிற ஒருவர். அன்று விளக்கேற்றும்போது அவருக்காகவும், அவர் வைத்திருக்கும் கள்ளனுக்காகவும் சேர்த்துக் கும்பிட்டேன்.

பிள்ளைகளே, இதை உங்கள் புதிய மேனேஜருக்கு வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கிற மற்றவர்களும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது ருசிக்காக ஒன்றும் சேர்க்க வேண்டாம், யாரையும் காப்பாற்ற ஒன்றும் குறைக்க வேண்டாம். முக்கியமாக ஒன்று: அந்தப் பொட்டை வைத்தது ஜீ.எம். பூசாரி வாயால் எடுக்க வழி சொன்னது அம்மன். இதை மட்டும் யாரும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.